வெற்று ஆசனங்களுக்குக் காவல்

உதைபந்தாட்டம் உழைக்கும் மக்களின் விளையாட்டு என்பது எவரும் மறுக்காத உண்மை. ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் துறைமுகக் கூலிகளும் வளர்த்தெடுத்த ஆட்டம் அது. ஆனால், அந்த ஆட்டத்தைத் தொழிலாக நடத்துவோரின் அரங்குகளிலே இன்று இரண்டு காட்சிகளை ஒருங்கே காண்கின்றோம். ஒருபுறம், வரிசை வரிசையாக ஆளின்றிக் கிடக்கும் ஆசனங்கள். மறுபுறம், எழுந்து நின்று ஆரவாரிப்போரை உட்காரச் சொல்லவும், வெறுமையாய்க் கிடக்கும் நல்ல ஆசனத்துக்கு நகர்ந்தவரைச் சீட்டில் குறித்த இலக்கத்துக்கே திருப்பி அனுப்பவும் நியமிக்கப்பட்ட பணியாளர். மனிதர் இல்லாத இடத்திலும் ஆசனத்துக்குக் காவல் உண்டு! இம்முரண்பாடு தற்செயலானதன்று, ஆட்டம் மக்களின் கையினின்றும் நழுவிப் பண்டமாக மாறியதன் தவிர்க்கவியலாத விளைவு என்பதே நமது வாதம்.

அண்மைக்கால உதாரணம் ஒன்றை நோக்குவோம். 2025ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் பீபா எனும் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம், 32 கழகங்களைத் திரட்டி ஐக்கிய அமெரிக்காவிலே கழகங்களுக்கான உலகக் கிண்ணப் போட்டியை நடத்திற்று. யூன் 16ஆம் திகதி அற்லாந்தா நகரில் செல்சிக் கழகம் ஆடியபோது, 70,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கில் வந்திருந்தோர் 22,137 பேர் மாத்திரமே. ஏன்? அன்று திங்கட்கிழமை, ஆட்டம் தொடங்கியதோ பிற்பகல் 3 மணிக்கு. உழைத்து உண்பவர் எவர் அந்த நேரத்தில் அரங்குக்கு வரமுடியும்? ஆனால் அற்லாந்தாவில் பிற்பகல் 3 மணி என்பது லண்டனில் இரவு 8 மணி. தொலைக்காட்சிக்கு அதைவிட உகந்த நேரம் வேறில்லை.

‘மக்களுக்கு ஆர்வமில்லை, அதற்கு அமைப்பாளர் என்ன செய்வர்?’ என்று கேட்போர் உளர். இதற்கான விடையை அதே போட்டித் தொடரே அளித்துவிட்டது. யூலை 8ஆம் திகதி நடைபெறவிருந்த அரையிறுதி ஆட்டமொன்றின் மிகக் குறைந்த நுழைவுச்சீட்டு விலை 473.90 டொலரிலிருந்து ஒரு சில நாட்களில் 13.40 டொலராக வீழ்ந்தது. அன்று அரங்கினுள் இருந்தோர் தொகை 70,000ஐத் தாண்டிற்று. அதுவும் வேலைநாளின் பிற்பகல் ஆட்டமே. ஆர்வம் மக்களிடம் என்றும் இருந்தது. அதற்குக் குறுக்கே நின்றது விலை. 473 டொலருக்கு விற்க முயன்ற பொருளை 13 டொலருக்கு விற்க முடியுமாயின், முன்னைய விலை எந்த நியாயத்தின்மீது நின்றது?

இனி, ‘உட்காரு’ என்ற கட்டளையின் வரலாற்றைப் பார்ப்போம். அவ்வரலாறு துயரத்திலே தொடங்குகின்றது. 1989ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆம் திகதி, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில், கம்பி வேலியால் அடைக்கப்பட்ட நின்று பார்க்கும் பகுதியில் நெரிசல் ஏற்பட்டு லிவர்ப்பூல் ஆதரவாளர் 97 பேர் மாண்டனர். பொலிசார் வெளிவாசற் கதவைத் திறந்து, ஏற்கெனவே நிரம்பியிருந்த பகுதிக்குள் கூட்டத்தைச் செல்லவிட்டமையே பேரிடருக்கு வழிசெய்தது. ஆயினும் பழி சுமத்தப்பட்டது இறந்தோர்மீது. குடிகாரர், காடையர் என்று பத்திரிகைகள் எழுதின. பொலிசாரின் வாக்குமூலங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை அவர்களுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டிருந்தமையை 2012இல் சுயாதீனக் குழுவொன்று அம்பலப்படுத்திற்று. ஆதரவாளர்மீது குற்றமில்லை, இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என மரண விசாரணைச் சபையினர் தீர்ப்பளித்தது 2016இல். இருபத்தேழு ஆண்டுகளின் பின்னர்!

அப்பேரிடரை விசாரித்த நீதியரசர் டெயிலர் 1990இல் வெளியிட்ட இறுதி அறிக்கை, பெரிய அரங்குகள் யாவும் ஆசனமயமாக்கப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1994 முதல் மேல் இரண்டு பிரிவுகளின் கழகங்களுக்கு அது கட்டாயமாயிற்று. அதே அறிக்கை, நின்று பார்ப்பது தன்னளவிலே ஆபத்தானதன்று என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆசனமயமாக்கலைச் சாட்டாக வைத்து விலையை ஏற்றலாகாது என்றும் கருதிற்று. கிளாஸ்கோ நகரின் ஐப்ரொக்ஸ் அரங்கில் ஆசனம் 6 பவுணுக்கும் நிற்கும் இடம் 4 பவுணுக்கும் கிடைப்பதை உதாரணமாகக் காட்டிற்று. கழகங்களின் உடைமையாளர் செய்தது யாது? ஆசனத்தை எடுத்துக்கொண்டனர், 6 பவுணை மறந்தனர். 1990க்கும் 2016க்கும் இடையில் பிரித்தானியாவின் பொது விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. 2016இலோ லிவர்ப்பூல் கழகம் தனது உயர்ந்த ஆசனத்துக்கு 77 பவுண் விதிக்க முற்பட்டது. 2024 நவம்பரில் மன்செஸ்டர் யுனைற்றட் கழகம், எஞ்சிய சீட்டுகளின் விலையை 66 பவுணாக உயர்த்தியதோடு, சிறுவருக்கும் முதியோருக்கும் இருந்த சலுகையையும் நீக்கிற்று. தொழிலாளர் பிணங்களின்மீது எழுந்த ஒரு சீர்திருத்தம், தொழிலாளரையே வெளியேற்றும் கருவியாயிற்று. இதனினும் கொடிய பரிகாசம் வேறுண்டோ?

‘ஒழுங்கும் பாதுகாப்பும் வேண்டாமா?’ என்ற கேள்வி எழலாம். வேண்டும், அதை நாம் மறுக்கவில்லை. மைதானங்கள் கொலைக்களங்களாயிருந்த காலம் மீள வேண்டுமென நேர்மையுள்ள எவரும் விரும்பார். ஆனால் உயிரைக் காப்பது ஆசனமா, அக்கறையா? 1985 மே 11ஆம் திகதி பிராட்போர்ட் நகரில் 56 உயிர்களைப் பலிகொண்ட தீ மூண்டது, ஆசனங்கள் அமைந்த மரமேடையிலேயே. பலகைகளின் கீழ் ஆண்டுக்கணக்கிற் சேர்ந்த குப்பை தீப்பற்றிற்று. பின்புற வாசல்கள் பூட்டிக் கிடந்தன. முன்புறத்தில் வேலி இல்லாமையால் ஆட்டக்களத்துக்குள் ஓடியோர் பிழைத்தனர். ஹில்ஸ்பரோவிலோ வேலி வழியை மறித்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு உண்மை விளங்கும்: மக்களைக் கொன்றது அவர்கள் நின்ற நிலையன்று, பராமரிப்பில் மிச்சம் பிடித்த கஞ்சத்தனமும், பார்வையாளரைப் பகைவராகக் கருதிக் கூண்டிலடைத்த மனப்பான்மையுமே.

ஜேர்மனியில் டோர்ட்முண்ட் அரங்கின் தெற்கு மேடையிலே ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடியே ஆட்டம் பார்க்கின்றனர். உலகிலேயே மிக அதிக பார்வையாளரை ஈர்க்கும் உதைபந்தாட்டத் தொடர்களில் ஒன்று ஜேர்மனியினது. அங்கு பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர் கையில் இருத்தல் வேண்டுமென விதியுண்டு. இங்கிலாந்தும் ஈற்றில் இவ்வுண்மையின் ஒரு பாதியை ஏற்க நேர்ந்தது: 2022 சனவரியில் ஐந்து கழகங்களில் பாதுகாப்பாக நின்று பார்க்கும் பகுதிகள் பரீட்சார்த்தமாக அனுமதிக்கப்பட்டு, அதே ஆண்டிலே ஏனைய கழகங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. அவ்வாறாயின், அதற்கு முன் கால் நூற்றாண்டுக்கு மேலாக, எழுந்து நின்ற ‘குற்றத்துக்காக’ வெளியேற்றப்பட்டோருக்கு விடை சொல்வார் யார்?

இங்கிலாந்தின் மேல்நிலை அரங்குகள் இன்று பெரும்பாலும் நிரம்பியே உள்ளன என்பர். மெய்தான், ஆனால் எவரால் நிரம்பியுள்ளன? 2007இல் திறக்கப்பட்ட புதிய வெம்பிளி அரங்கைப் பாருங்கள். மிக நல்ல பார்வை கிடைக்கும் நடு மேடை, நெடுங்காலச் சந்தா செலுத்தும் செல்வருக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. இடைவேளை முடிந்து ஆட்டம் மீளத் தொடங்கியபின்னும் அவ்வாசனங்கள் வெறுமையாய்க் கிடப்பதைத் தொலைக்காட்சி பன்முறை காட்டியுள்ளது. உரியவர் உள்ளே உணவுண்டு கொண்டிருப்பர். மேல்மூலையில் இருக்கும் தொழிலாளியின் மகன் கீழிறங்கி அங்கு அமர முடியுமா? முடியாது, ஆசனம் சொத்து. சொத்து பயன்படாமற் கிடக்கலாம்; உரிமையற்றவன் கை அதில் படலாகாது. தரிசு நிலத்துக்கு வேலியிடும் நிலவுடைமையாளனின் நீதியே இது.

கதவினூடாக வரும் மக்களின் பணமின்றி இவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? பிரீமியர் லீக் கழகங்களிற் பெரும்பாலானவற்றுக்கு இன்று முதன்மையான வருவாய் ஒளிபரப்பு உரிமையிலிருந்தே வருகின்றது. ஆகவே அரங்கிலுள்ள பார்வையாளர் வாடிக்கையாளர் என்ற நிலையினின்றும் இறங்கி, திரையிலே தோன்றும் அலங்காரப் பொருளாகிவிட்டனர். 2020இல் கொள்ளைநோயின் காரணமாக ஆளற்ற அரங்குகளில் ஆட்டங்கள் நடந்தபோது, பதிவு செய்த ஆரவாரத்தை ஒளிபரப்பிலே கலந்தனர். மக்களின் குரல் இன்றி ஆட்டம் உயிரற்றது என்பதை இதைவிடத் தெளிவாக அவர்களே ஒப்புக்கொள்ள முடியுமா? குரல் வேண்டும்; குரலுக்குரிய மனிதர் வேண்டாம்!

ஆயினும் மக்கள் வாளாவிருக்கவில்லை. 2016 பெப்ரவரி 6ஆம் திகதி, 77 பவுண் விலையை எதிர்த்து, லிவர்ப்பூல் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினர். சில தினங்களில் உடைமையாளர் பணிந்தனர். 2021 ஏப்ரிலில் பன்னிரு பெருங்கழகங்கள் தமக்கெனத் தனித்தொடர் அமைக்கும் சூழ்ச்சியை வெளியிட்டபோது, இங்கிலாந்தின் ஆறு கழகங்களும் ஆதரவாளரின் கொதிப்பைத் தாங்காது இரண்டே நாட்களிற் பின்வாங்கின. 2024 பெப்ரவரியில், ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கைத் தனியார் முதலீட்டாளருக்கு விற்கும் திட்டத்தை ஜேர்மானிய ஆதரவாளர் களத்துள் ரெனிஸ் பந்துகளை எறிந்து முறியடித்தனர். ஒழுங்கமைந்த கூட்டத்தின் முன் மூலதனமும் தலைவணங்கும் என்பதற்கு இவை சான்றுகள்.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை, நமக்கென்ன என்று கருதுதல் தவறு. அக்கழகங்களின் மேலங்கியை அணிந்து, நள்ளிரவில் அவற்றின் ஆட்டங்களைத் திரையிற் பார்ப்போரில் நம் மாணவரும் உளர். கோலின் அழகை அவர்கள் அறிவர். அவ்வழகுக்குக் குறிக்கப்பட்ட விலையையும், அவ்விலையால் வெளியே நிறுத்தப்பட்டோரையும் அவர்களுக்கு எடுத்துக்கூறுவது ஆசிரியரின் கடமை. ஒரு பாடலோ, நாடகமோ, விளையாட்டோ அதை ஆக்கிய மக்களிடமிருந்து பறிக்கப்படும் முறை எங்கும் ஒன்றே: முதலில் ஒழுங்கின் பெயரால் வேலி, பின்னர் வேலிக்குக் கட்டணம், ஈற்றில் வெறுமைக்குக் காவல்.

பாதுகாப்பான நிற்குமிடம், உழைப்போர்க்கு எட்டும் விலை, உழைப்போர் வரக்கூடிய நேரம், கழக நிருவாகத்தில் ஆதரவாளர்க்கு வாக்கு: இந்நான்கையும் வழங்கட்டும். அதன்பின் ஆசனங்களுக்குக் காவலாளி தேவைப்படார். மக்களே அவற்றை நிரப்புவர்.