சாத்துவதற்குக் கதவு யாரிடம் இருக்கிறது?

விடியற்காலை நான்கு மணிக்கு எழு. அறைக் கதவைச் சாத்து. தினமும் ஆயிரம் சொல் எழுது. முடியாவிட்டால் நீ எழுத்தாளன் இல்லை. கதை எழுத ஆசைப்படும் இளைஞர்களுக்கு எழுத்துப் பட்டறைகளிலும் யூடியூபிலும் ஓதப்படும் மந்திரம் இது.

தோழர்களே, ஒரே ஒரு கேள்வி. சாத்துவதற்குக் கதவு யாரிடம் இருக்கிறது?

நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் கண்ணகி நகரிலும் கொட்டப்பட்ட மக்களின் வீடுகளைப் பாருங்கள். அப்பா தூங்குவது, தங்கை படிப்பது, அம்மா சமைப்பது எல்லாம் ஒரே இடத்தில். செங்கல்பட்டுப் பக்கமிருந்து மின்ரயிலில் வந்து தாம்பரத்தில் இறங்கிக் கல்லூரிக்கு ஓடி, மாலையில் பகுதிநேர வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் மாணவிக்கு நான்கு மணி என்பது எழுதும் நேரமல்ல. தண்ணீர் பிடிக்கும் நேரம். அவளிடம் போய் "உனக்கு ஒழுக்கம் போதாது" என்று சொல்வது ஆலோசனை இல்லை, அவமானம். அதை நம்பித்தான் நம் பிள்ளைகள் பலர் பாதிக் கதையோடு நோட்டை மூடிவிடுகிறார்கள்.

இந்த மந்திரம் எங்கிருந்து வந்தது? 1929இல் வர்ஜீனியா வுல்ஃப், புனைவு எழுத ஒரு பெண்ணுக்குப் பணமும் சொந்த அறையும் வேண்டும் என்று வாதிட்டார். அவர் பேசியது சொத்தைப் பற்றி. நம் பட்டறைக்காரர்கள் சொத்தைக் கழற்றிவிட்டு அதை ஒழுக்கப் பாடமாக்கிவிட்டார்கள். கதவைச் சாத்தி எழுதச் சொன்னவர் ஸ்டீபன் கிங். தொடக்க காலத்தில் அதே கிங் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டு, டிரெய்லர் வீட்டில் துணி துவைக்கும் மூலையில் உட்கார்ந்துதான் எழுதினார். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

நமக்கு முன்னால் எழுதியவர்களைப் பாருங்கள். 1992இல் 'கருக்கு' தந்த பாமா ஆசிரியர். 1994இல் 'கோவேறு கழுதைகள்' தந்த இமையமும் ஆசிரியர். 'பிறகு', 'வெக்கை' எழுதிய பூமணி கூட்டுறவுத் துறை அலுவலர். சிவகாமி ஐஏஎஸ் அதிகாரி. எல்லோரும் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள். மராத்தியில் தன் மக்களின் வரலாற்றை எழுதிய பேபி காம்ப்ளே, சிறு கடையைப் பார்த்துக்கொண்டே எழுதி, கணவர் கண்ணில் படாமல் தாள்களை ஆண்டுக்கணக்கில் ஒளித்து வைத்தார். அமெரிக்காவில் டோனி மோரிசன் பதிப்பக வேலைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் விடியுமுன் எழுதினார். அது அவருக்குக் கிடைத்த நேரம். உங்களுக்குக் கிடைப்பது வேறாக இருக்கலாம். இவர்கள் யாரும் முறையைக் கடன் வாங்கவில்லை. தங்கள் வாழ்க்கையிலிருந்து வெட்டி எடுத்தார்கள்.

நீங்களும் அப்படியே தேடுங்கள். முதலில் ஒரு வாரம், எந்த நேரம் உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். அடுத்து, கதை உங்களுக்கு வாயில் வருகிறதா, கையில் வருகிறதா என்று பாருங்கள். வாயில் வந்தால் செல்போனில் பேசிப் பதியுங்கள். நம் பாட்டிகள் எழுதியா கதை சொன்னார்கள்? தாம்பரத்திலிருந்து பீச் போவதற்குள் ஒரு காட்சி எழுத முடியுமா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் மொத்தமாக உட்கார்ந்து பாருங்கள். முடிவு தெரிந்துகொண்டு தொடங்குங்கள், தெரியாமலும் தொடங்குங்கள். எந்த வழியில் ஒரு கதை முடிகிறதோ அது உங்கள் முறை. முடிந்த கதையைத் தவிர வேறு சான்று இல்லை.

அதற்காக "எனக்கு ஏற்ற முறை" என்பதைச் சோம்பலுக்குப் போர்வையாக்க வேண்டாம். முதல் பிரதி எப்படியும் வரலாம். திருத்துவதிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. சிவகாமி 1989இல் 'பழையன கழிதலும்' எழுதினார். ஆணாதிக்கம் பிடித்த ஒரு தலித் தலைவரை அதில் தயங்காமல் காட்டினார். பிறகு 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூல் எழுதித் தன் நாவலையே குறுக்கு விசாரணை செய்தார். அந்த நேர்மை எந்தப் பட்டறையிலும் கிடைக்காது.

இன்னும் இரண்டு பேரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒருவர், "உங்கள் வலியை அப்படியே எழுதுங்கள், அது போதும்" என்பவர். கற்பனை அவருக்கு, சாட்சியம் நமக்கு! தன்வரலாறு நம் ஆயுதம்தான். ஆனால் அது ஒன்றுதான் நமக்கு என்று அடுத்தவர் பங்கு பிரிக்கக் கூடாது. இன்னொருவர் நம் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்: "போராட்ட நேரத்தில் கதை எதற்கு?" உண்மை அறியும் குழு அறிக்கை யார், எங்கே, எப்போது என்று சொல்லும். அடித்தவன் அன்றிரவு எப்படி நிம்மதியாகச் சாப்பிட்டான் என்று கதைதான் சொல்லும். இரண்டும் வேண்டும்.

நம் குடியிருப்புகளைப் பற்றி நாம் எழுதாவிட்டால், குற்றச் செய்தியாகவும் சினிமா ரவுடியாகவும் மற்றவர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள். அறை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அறைக்காகவும் போராடுவோம். அதுவரை படிக்கட்டில், பிளாட்பாரத்தில், மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுங்கள்.

ஜெய்பீம்.