ஒப்பந்தத்தில் 'உரிமையாளர்' யார்?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமான காற்று, சூரிய மின் திட்டத்தைச் சீன நிறுவனமொன்றுக்கு வழங்க 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணங்காட்டித் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. பின்னர் 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூர் நிறுவனமான யூ சோலாருடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது.

பத்திரிகையாளர்களாகிய நாம் டில்லியையும் பீஜிங்கையும் பற்றி நிறையவே எழுதினோம். ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைக் கேட்கத் தவறினோம்.

எந்தக் கட்டுமான ஒப்பந்தத்திலும் கவனிக்கவேண்டியவை நான்கு: வேலை முடியவேண்டிய திகதி; பிந்தினால் நாளொன்றுக்கு இவ்வளவு என அறவிடும் தாமத நட்டஈடு; கொடுப்பனவில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் தடுப்புப் பணம்; ஒப்படைத்த பின்னும் பழுதுகளை ஒப்பந்தகாரர் தம் செலவிலேயே திருத்தவேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம்.

இவற்றைக் கோரும் உரிமை, 'உரிமையாளர்' என ஒப்பமிட்டவருக்கே உண்டு. இங்கே அவர் அரசு. பழுது ஏற்பட்டால், திருத்துநர் படகேறி வரும்வரை காத்திருப்பவரோ தீவுவாசி. அவர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்லர்.

ஆகவே இந்நான்கையும் தமிழில் எழுதி, மூன்று தீவுகளின் இறங்குதுறைகளிலும் ஒட்டிவைக்க வேண்டும். காற்றாடி நின்றுபோகும் நாளில், யாரைக் கேட்பது என்பதாவது அம்மக்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.