கோடை விடுமுறையும் ஜப்பானிய மொழியும்

கோடை விடுமுறை என்றதும் நம் உள்ளம் துள்ளுகிறது. பாட்டி வீடு, மாம்பழம், மதியத் தூக்கம் என நாட்கள் ஓடிவிடுகின்றன. ஆண்டு முழுவதும் கற்ற மொழியும் அவற்றோடு ஓடிவிடும் என்பதைச் சென்ற ஜூன் மாதத்தில் உணர்ந்தேன்.

சனிக்கிழமைதோறும் நான் ஜப்பானிய மொழி கற்று வருகிறேன். விடுமுறை முடிந்து வகுப்புக்குச் சென்ற முதல் நாள், கரும்பலகையில் இருந்த ஒரு சொல்லை வாசிக்கும்படி ஆசிரியை கூறினார். முதலெழுத்து ‘ஷி’யா, ‘ட்சு’வா என்று தெரியாமல் விழித்தேன். கட்டாகனா எழுத்துகளில் அவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. கட்டணத்துக்காக அம்மா பட்ட பாடு நினைவுக்கு வர, தலை குனிந்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எழுத்துகள்தாம் மறந்தனவே தவிர, வாக்கிய அமைப்பு மறக்கவில்லை. ‘நான் தண்ணீரைக் குடிக்கிறேன்’ என்பதை ‘வதாஷி வா மிஸு ஓ நோமிமாஸ்’ என்பர். வினை நம் மொழியைப் போலவே இறுதியில் வருகிறது. நம் ‘ஐ’ உருபின் வேலையை ‘ஓ’ செய்கிறது. தமிழ்ப் பெண்ணுக்கு இது பழகிய பாதை. ஆகவே, விடுமுறையில் எழுத்தையும் சொல்லையும் காப்பாற்றினாலே போதும் என்பது என் கருத்து.

அதற்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். ஹிராகனா 46, கட்டாகனா 46 ஆகிய அடிப்படை எழுத்துகளைப் பார்த்து எழுதுவதில் பயன் குறைவு. புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும்; பிழையானவற்றை மறுநாள் முதலில் எழுத வேண்டும். ஜப்பானில் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஓர் ஆண்டில் கற்கும் கஞ்சி எழுத்துகள் 80. நாளுக்கு இரண்டு வீதம் பழகினால் நாற்பது நாளில் நாமும் அவற்றை முடித்துவிடலாம்.

ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்கும் பழக்கத்தைத் தோழியர் விட்டுவிட வேண்டும். சாவிக்கு ஒரு சொல், அந்நாட்டுப் பழம் ஒன்றுக்கு வேறொரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘ககி’தான்! வல்லொலியையும் மெல்லொலியையும் அவர்கள் இரு சிறு கோடுகளால் பிரித்துக் காட்டுகின்றனர். நாம் ஒரே ‘க’வைக் கொண்டு இரண்டையும் எழுதுகிறோம்.

ஜப்பானியச் சிறுவர் சிறுமியர் தம் கோடை விடுமுறையில் ‘எனிக்கி’ என்னும் படநாட்குறிப்பு எழுதுவதுண்டு. மேலே ஒரு படம். கீழே சில வரிகள். மாங்காய் தின்றதையும் மழை பெய்ததையும் நாமும் அவ்வாறே எழுதலாமே!

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். ‘பொதுத்தேர்வுக்கு உதவாத பாடம்’ என்று இந்த அரைமணியைப் பறித்துவிடாதீர்கள். என் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் அப்பாவுடன் வேலைக்குப் போய்விடும். என்னைப் போன்றோருக்காக, மே மாதத்தில் வாரம் ஒரு காலையேனும் பள்ளி நூலகத்தைத் திறந்து வைக்குமாறு அருட்சகோதரிகளைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அடிக்காமல் விட்டால், நகர்ந்த அம்மியும் நின்றுவிடும் என்பதே நான் கற்ற பாடம்.

— பதினோராம் வகுப்பு மாணவி