வண்டியைத் தூக்க வழி சொல்லுங்கள்

கிடங்குகளில் ஓடும் ரோபோக்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அவை எத்தனை கிலோ தூக்கும் என்பதை மறக்காமல் எழுதிவிடுகிறார்கள். பழுதானால் அவற்றை யார் தூக்குவது, எப்படித் தூக்குவது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஒரகடம் பக்கம் ஒரு குடோனில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறவன் நான். விட்டுப்போனதை நானே எழுதிவிடுகிறேன்.

இப்படிப்பட்ட ரோபோக்களைச் செய்த கிவா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தை அமேசான் 2012-இல் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தத் தட்டை வண்டிகள் உலகத்தின் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான். முழங்கால் உயரம்கூட இல்லாத பெட்டி. சரக்கு அடுக்கிய ரேக்கின் அடியில் புகுந்து, தன் மேல்தட்டை உயர்த்தி, ரேக்கையே தூக்கிக்கொண்டு நகரும். கிவாவின் சின்ன வண்டியே சுமார் 450 கிலோ தூக்கியது. நம் நாட்டில் கிரேஆரஞ்ச், அட்வெர்ப் போன்ற நிறுவனங்கள் இந்தத் தொழிலில் இருக்கின்றன. வண்டியை இவ்வளவு தாழ்வாகச் செய்வதற்கு நியாயமான காரணம் உண்டு. வண்டி உயர்ந்தால் ரேக்கின் கால் உயர வேண்டும். ரேக்கின் கால் உயர்ந்தால் ஒரு தட்டுச் சரக்குக்கான இடம் போய்விடும். பாரத்தோடு திரும்பும்போது ஆட்டம் கொடுக்காமல் இருப்பதற்கும் தாழ்வாக இருப்பதே நல்லது. அதனால் வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் பெரிது.

ஆனால் கெட்டுப்போவதெல்லாம் அந்த வயிற்றுப் பக்கம்தான். நடுவில் மோட்டாரோடு இரண்டு சக்கரங்கள், மூலைகளில் சுழலும் காஸ்டர்கள். பார்சல் சுற்றுகிற ஸ்ட்ரெச் ஃபிலிம் இருக்கிறதே, அதில் ஒரு முழம் கிழிந்து தரையில் கிடந்தால் போதும். காஸ்டர் அதை இழுத்துத் தன் அச்சில் சுற்றிக்கொள்ளும். அதன்மேல் தலைமுடி, சாக்கு நூல், அட்டைத் தூசி. ஓடுகிற சூட்டில் எல்லாம் இறுகி, கத்தி போட்டு அறுத்தாலும் சுருள் சுருளாகத்தான் வரும். அதை எடுக்காவிட்டால் காஸ்டர் சுழலாமல் இழுபடும். ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும். வண்டி கோணிக்கொண்டு போகும். தரையில் ஒட்டிய சதுரக் குறியீடுகளைப் படிக்கும் கேமராவும் அடியில்தான். அதன் கண்ணாடியில் தூசி படிந்தால், தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாமல் வண்டி நட்டநடுவில் நின்றுவிடும். மென்துணியால் ஒரு துடைப்பு, வேலை முடிந்தது. அந்த ஒரு துடைப்புக்கு நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தூக்கியாக வேண்டும்.

எதை வைத்துத் தூக்குவது? கையால் இழுக்கும் பேலட் டிரக்கின் முள் கீழே இறக்கிய நிலையிலேயே எட்டரை சென்டிமீட்டர் உயரம். கார் ஷெட்டில் உள்ள ட்ராலி ஜாக்கியும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டும் அடியில் போகாது. எனவே பையன்கள் கடப்பாரையை விட்டு நெம்பி, கிடைத்த கட்டையைத் தள்ளுகிறார்கள். நம்மூர் மெக்கானிக்குக்குப் பழகிய இன்னொரு வழி, ஆட்டோவைச் சாய்ப்பதுபோல ஒருக்களித்துப் போடுவது. ஆட்டோ தாங்கும்; இது தாங்காது. முன்னால் லேசர் சென்சார், சுற்றிலும் இடி உணரும் பம்பர், மேலே தூக்குத் தட்டு. எதன்மேல் சாய்த்தாலும் சின்னப் பழுது பெரிய பழுதாகும்.

கையேட்டைத் திறந்தால் 'நான்கு பேர் சேர்ந்து தூக்கவும்' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கிவாவின் பழைய வண்டி சுமார் 145 கிலோ. நாலால் வகுத்தால் ஆளுக்கு 36 கிலோ, மூட்டை தூக்குகிற நாட்டில் இது ஒரு எடையா என்று கேட்கலாம். மூட்டையைப் பிடிக்க மூலை இருக்கிறது, முதுகில் ஏற்ற ஆள் இருக்கிறான். இதை நாலு பேரும் கணுக்கால் உயரத்தில் குனிந்து, பிடியில்லாத ஒரு விளிம்பில் விரல்நுனியைக் கொடுத்துத் தூக்க வேண்டும். இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற நல்ல நிலையிலேயே 23 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் போட்ட கணக்கு. காயம் உண்டாக்கும் அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று நம் தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே 34-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. தூக்குவதைவிட இறக்குவதில் ஆபத்து அதிகம் என்பேன். நாலு பேரில் ஒருவன் முந்தினாலும் மற்றவன் விரல் அடியில் மாட்டும். இரண்டு விரல் இடைவெளி என்று சொன்னேன் அல்லவா, விரல் சரியாக நுழையும் அளவுதான் அது.

வழி இல்லாமல் இல்லை. கனமான மெஷின்களை நகர்த்துகிறவர்களிடம் டோ ஜாக்கி என்று ஒன்று உண்டு. அதன் நாக்கு தரையோடு தரையாக நுழையும். ஆனால் நாக்கு பிளாஸ்டிக் மூடியில் படாமல் இரும்புச் சட்டத்தில் பட வேண்டும். சட்டம் எங்கே என்று வெளியில் ஒரு அம்புக்குறி போட்டால் என்ன குறைந்துவிடும்? சட்டத்தில் நாலு மரையிட்ட துளை விட்டால் கண் போல்ட் மாட்டி, செயின் பிளாக்கில் தூக்கிவிடலாம். அப்போது கயிறு தாழ்ந்த கோணத்தில் விரியாமல் இருக்க மேலே ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். இரண்டு கயிற்றில் தொங்கவிட்டு, கயிறு படுக்கைக்கு 30 பாகையில் இருந்தால், ஒவ்வொரு கயிறும் முழுப் பாரத்தையும் இழுக்கும்; அதோடு மேல்மூடியையும் நெரித்துவிடும். சரிவு மேடை கட்டி ஏற்றலாமே என்பார்கள். சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் முனையில் வயிறு தட்டி, சக்கரம் அந்தரத்தில் சுற்றும். எனக்குப் பிடித்தது பஸ் டிப்போவில் இருக்கிற மாதிரி பள்ளம். வண்டி தானே ஓடி வந்து பள்ளத்தின் மேல் நிற்கும், நாம் கீழே நின்று வேலை பார்க்கலாம். தரையைப் போடும்போதே திட்டமிட்டால் செலவு கொஞ்சம். பிறகு உடைத்துப் போட்டால் அதிகம். எப்படித் தூக்கினாலும் சரி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகே அடியில் கை போகணும். ஜாக்கி உயர்த்தத்தான், தாங்க அல்ல.

கெட்ட வண்டியை அனுப்புங்கள், வேறு தருகிறோம் என்று விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்வதுண்டு. நூல் சுற்றியதற்கெல்லாம் வண்டியை லாரியில் ஏற்றுவதா? ஏற்றுவதற்கும் தூக்கத்தானே வேண்டும்!

இந்த வண்டிகள் வந்ததில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சரக்கு எடுக்கிற பெண்கள் ஷிப்ட் முழுக்க நடந்த நடை குறைந்திருக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் அவர்களுடைய கால்வலி மெயின்டெனன்ஸ் பையன்களின் இடுப்புக்கு மாறினால் என்ன லாபம்? இந்தப் பையன்களில் பலர் டிப்ளமோ முடித்த கையோடு கான்ட்ராக்டில் வந்தவர்கள். இடுப்பு பிடித்தால் ரெண்டு நாள் லீவு, மூணாம் நாள் வேறு ஆள்.

ஆகவே வாங்குகிற முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பர்ச்சேஸ் ஆர்டரில் தூக்கும் கருவியையும் ஸ்டாண்டையும் வண்டியோடு சேர்த்தே எழுதுங்கள். டெமோ காட்ட வரும்போது ரேக்கைத் தூக்கிக் காட்டியதும் கை தட்டி அனுப்பிவிடாதீர்கள். பின்பக்கக் காஸ்டர் ஒன்றைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வந்திருப்பவர் கோட்டைக் கழற்றிவிட்டு நாலு ஆள் கேட்டால், விலையை அதற்கப்புறம் பேசுங்கள்.