சாந்துச் சட்டியும் வளர்ச்சிக் கணக்கும்

ராத்திரி நாசரேத் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். முன்பதிவில்லாத பெட்டியில் முண்டியடித்து ஏறுகிற கூட்டத்தில் எங்க தெருப் பையன்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். போகிற இடம் மெட்ராஸ். வேலை, கட்டட வேலை.

நகரம் வளர்ந்தால் நாடு வளரும், கட்டடம் எழும்பினால் சிமெண்ட், கம்பி, லாரி, கூலி எல்லாம் கூடவே எழும்பும் என்கிறார்கள் பொருளாதாரம் படித்தவர்கள். சீனாவைப் பார் என்று விரல் நீட்டுகிறார்கள். பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். விவசாயத்தை விட்டால் இந்த நாட்டில் அதிகம் பேருக்குக் கூலி கொடுக்கிற தொழில்களில் இதுவும் ஒன்று.

நகரத்தின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. கிராமம் நமக்கு என்ன என்பதை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் போட்டு உடைத்துவிட்டார். ஊரில் துண்டை இடுப்பில் கட்டி நின்ற எங்கய்யா, தூத்துக்குடித் துறைமுக வேலைக்குக் கல் சுமக்கப் போன பிறகுதான் அதைத் தோளில் போட்டார். 1974ல் அது பெருந்துறைமுகம் ஆயிற்று. அய்யா மெட்ராஸுக்கு ரயிலேறினார்.

ஆனால் சாதியும் அதே ரயிலில் ஏறி வருகிறது. சைட்டில் கரண்டி யார் கையில், சட்டி யார் தலையில் என்று பாருங்கள். எங்க மதினி இருபத்திரண்டு வருஷமாகச் சித்தாள். கலவையின் பதத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள். ஒரு நாள்கூட அவள் கையில் யாரும் கரண்டியைக் கொடுத்ததில்லை. 'பொம்பள கட்டுன சுவரு நிக்குமா' என்று சிரிப்பார்கள். கூலி கொத்தனாருக்குப் பாதி. அந்தப் 'பொம்பள' நம்ம தெரு என்றால் குடிதண்ணி டம்ளரும் தனி.

அய்யா மூணாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். காண்ட்ராக்டர் ஐந்நூறு ரூபாயும் ஊருக்கு டிக்கெட்டும் கொடுத்து அனுப்பினார். அது வாரியமெல்லாம் வராத காலம். தொழிலாளர்கள் போராடித்தான் 1994ல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 1996ல் மத்தியச் சட்டம் வந்து, கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்றாவது தொழிலாளிக்கு ஒதுக்கு என்றது. வந்த பணம் எங்கே? நாடு முழுக்க 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, சுமார் 9,500 கோடிதான் செலவானது என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே கேட்டது. லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கிய கதையும் அங்கே வந்தது. சாந்து சுமக்கிறவளுக்கு வாஷிங் மெஷின்! வைக்க வீடு வேண்டாமா?

அதற்கு நாலு வருஷம் முன்னால், 2014 ஜூன் 28ல், மவுலிவாக்கத்தில் பதினோரு மாடி சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திராக்காரர், ஒடிசாக்காரர், நம்மாள். கட்டி முடித்திருந்தால் அது வளர்ச்சிக் கணக்கில் ஏறியிருக்கும்.

கட்டடமே வேண்டாம் என்று கோஷம் போட்டால் அந்தப் பையன்கள் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பெயர் பதிவாக வேண்டும். பெண்கள் கைக்குக் கரண்டி வர வேண்டும். தொழில் கற்றால் கூலி மாறும் என்பதை, மர்காசிஸ் ஐயர் காலத்துத் தொழிற்பள்ளியிலேயே பார்த்த ஊர் இது.

போன மாசம் வாரிய விண்ணப்பத்தை மதினியிடம் நீட்டினேன். 'வேலை பாத்ததுக்குச் சான்றா? எத்தன சைட்டு, எத்தன மேஸ்திரி! எவன் பேரன்னு சொல்ல, கொழுந்தனாரே?' என்றாள்.

மாணவத் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம் பேனாவோடு வாருங்கள். மதினியின் விண்ணப்பம் பாதிதான் நிரம்பியிருக்கிறது.