கிண்ணம் இருக்கு, கதை எங்கே?

இத்தாலியின் மொடேனா கரப்பந்தாட்டக் கழகத்தின் கதை எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. 1966இல் ஜுசெப்பே பனினி தொடங்கினார். 12 தடவை தேசிய சம்பியன். எங்கட ஊர்க் கழகம் எப்ப தொடங்கினது, முதல் அணியில ஆரார் விளையாடினவை என்று கேட்டால் ஆளையாள் பார்க்கிறோம்.

"சண்டையில எல்லாம் அழிஞ்சு போச்சு" என்கிறோம். உண்மைதான். 2009இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை ஓடிய சனம் கழகப் பதிவேட்டையும் காவியிருக்க முடியாது. ஆனால் அதுக்குப் பிறகான வருடங்களுக்கு என்ன சாட்டு? வலை வாங்கினோம், லைற் போட்டோம், பரிசளிப்புக்கு அரசியல்வாதிக்கு மாலை போட்டோம். பழைய ஆட்டக்கார ஐயாவிடம் ஒரு கொப்பியோடு போனோமா?

பனினி குடும்பத்தின் தொழிலே வீரர்களின் படங்களை அச்சடித்து, அல்பத்தில் ஒட்டவைப்பதாகத்தான் இருந்தது. எங்களிடம் அச்சகம் இல்லை, போன் இருக்கு.

1991 முதல் கரப்பந்தாட்டம் இந்த நாட்டின் தேசிய விளையாட்டு. அதன் வரலாற்றை எழுத வருகிறவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஒழுங்கைகளுக்குள் வந்து தேடுவார்கள் என்று காத்திருப்பது மடத்தனம்.

"கப் அடிச்சால் காணும், கதை எதுக்கு?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். செத்தவர்களின், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களும் அந்த அணிகளில்தான் இருக்கு. அவர்களை இறந்தவர்களாக மட்டுமில்லை, நல்லா 'அடிச்ச' ஆட்டக்காரராகவும் நினைக்க வேணும்.

ஐயாமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கினம். இந்த ஞாயிறு மட்ச் முடிய, கொப்பியைத் திறப்போம்.