தராசுக்கும் முத்திரை வேண்டும்

கடையில் அரிசி வாங்குகிறவர் தராசை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். அந்தத் தராசு சரியானதா என்று சர்க்கார் அதிகாரி சோதித்து முத்திரை போடுகிறார். ரத்தப் பரிசோதனையும் ஒரு தராசுதான். அதற்கும் முத்திரை வேண்டும்.

ஹெபடைடிஸ் சி என்பது ஈரலைத் தாக்கும் வைரஸ் கிருமி. 1989-ல் இது கண்டுபிடிக்கப்பட்டது. சுத்தம் செய்யாத ஊசி, பரிசோதிக்காத ரத்தம் ஆகியவை மூலம் பரவுகிறது. பல வருஷங்கள் வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டே வரும். சிலருக்குப் புற்றுநோயும் உண்டாகும்.

பல வகைகள்

இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு. இந்தியாவில் 3-ம் வகை அதிகம். எகிப்தில் 4-ம் வகை. வியட்நாம் போன்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளில் 6-ம் வகையும் நிறைய உண்டு.

முன்பு இந்த நோய்க்கு இன்டர்பெரான் ஊசி போட்டார்கள். 1-ம் வகைக்கு 48 வாரம். 2, 3-ம் வகைகளுக்கு 24 வாரம். ஊசி போட்டால் காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு வரும். வகையைத் தவறாகச் சொன்னால் வைத்தியக் கணக்கே தவறிவிடும்.

தவறு எப்படி வந்தது?

சில பரிசோதனைகள் கிருமியின் மரபுச் சங்கிலியில் ஆரம்பப் பகுதியை மட்டுமே பார்த்தன. 6-ம் வகையின் சில கிளைகளில் அந்தப் பகுதி 1-ம் வகையைப் போலவே இருக்கும். அதனால் 6-ம் வகை 1-ம் வகை என்று பதிவாயிற்று. பிறகு இன்னொரு பகுதியையும் சேர்த்துப் பார்த்தார்கள். குழப்பம் பெருமளவு தீர்ந்தது.

பரிசோதனையை எடைபோடும் வழி இதுதான். மரபுச் சங்கிலியை எழுத்து எழுத்தாகப் படிக்கும் முறை ஒன்று உண்டு. ஒரே ரத்தத்தை அந்த முறையிலும் புதிய முறையிலும் பார்க்க வேண்டும். எத்தனை ஒத்துப்போயின? எத்தனைக்குப் பதிலே வரவில்லை? எந்த வகையில் தவறியது? மூன்றுக்கும் விடை வேண்டும்.

அந்தந்த நாட்டு ரத்தத்திலும் சோதிக்க வேண்டும். 6-ம் வகையே இல்லாத ஊரில் தேறிய பரிசோதனை, வியட்நாமிலும் தேறும் என்று எப்படிச் சொல்வது?

இன்றைய நிலை

இப்போது எல்லா வகைக்கும் ஏற்ற மாத்திரைகள் வந்துவிட்டன. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஆகவே வகை தெரியாமலே பலருக்கும் வைத்தியம் தொடங்கலாம். ஈரல் சுருங்கியவர்களுக்கும், முதல் வைத்தியத்தில் குணமாகாதவர்களுக்கும் வகை பார்ப்பது சில சமயம் உதவும்.

இந்தியாவில் இலவசப் பரிசோதனையும் வைத்தியமும் தரும் தேசியத் திட்டம் 2018-ல் தொடங்கியது. முதல் சோதனை, கிருமி எப்போதாவது உடலில் புகுந்ததா என்று சொல்லும். இரண்டாவது சோதனைதான் கிருமி இப்போதும் இருக்கிறதா என்று சொல்லும். முதல் சோதனையோடு பயந்து ஒடுங்கிவிடவும் கூடாது. இரண்டாவதைப் பார்க்காமல் இருந்துவிடவும் கூடாது.

வகை பார்க்கும் வேலை குறையலாம். ஆனால் பரிசோதனையைச் சோதிக்கும் வேலை குறையக்கூடாது. தராசு பொய் சொன்னால் போவது அரிசி. பரிசோதனை பொய் சொன்னால் போவது உயிர்.